மரமட்டையும் கடல்மூட்டமும்: கேப் காட் கோடை பேஸ்பால்

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கை போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் கேப் காட். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கே 10 அணிகள் பேஸ்பால் லீக் ஆடுகின்றன. டிக்கெட் கிடையாது, விரும்பியதை நன்கொடையாகப் போடலாம். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். சாப்பாடும் படுக்கையும் ஊர்க்காரர் வீடுகளில்.

இந்தப் பிள்ளைகளை முதலில் திணறடிப்பது மட்டை. கல்லூரியில் உலோகம், இந்த லீக்கில் 1985 முதல் மரம்தான். கைப்பிடிக்கு அருகே பட்ட பந்துகூட உலோகத்தில் ஓரளவு பறந்துவிடும். மரத்தில் மெல்லிய கழுத்துதான் முறியும். பந்து, அதை எறிந்த பிட்ச்சரின் காலடிக்கே உருண்டுபோகும். மட்டையைத் திருப்பிப் பிடிப்பதிலும் கணக்கு உண்டு. ஆஷ் மரத்தில் மர ரேகைகளின் விளிம்பு பந்தைச் சந்திக்க வேண்டும், மேப்பிளில் ரேகைகளின் முகப்பு. அதற்கேற்ற இடத்தில்தான் முத்திரை குத்தியிருப்பார்கள்; அடிக்கும் நேரத்தில் முத்திரை வானத்தைப் பார்த்தால் சரி. தவறினால் ஆஷ் செதில் செதிலாக உரியும். தொழில்முறை அணிகளின் ஆள்தேடுவோர் இங்கே கூடுவதற்கும் மரமட்டைதான் காரணம். உலோகம் மறைக்கும் குறையை மரம் மறைக்காது.

அடுத்தது திடல். கேப் காட்டின் ஆர்லியன்ஸ் ஊரிலுள்ள எல்ட்ரெட்ஜ் பார்க்கில் படிப்படியான புல்மேடே காலரி. சாத்தம் ஊரில் எதிரி மூடுபனி: வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கடல்நீர்மேல் தவழ்ந்து வந்தால், உயரே போன பந்து வெளித்திடல்காரர் கண்ணுக்குத் தெரியாது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

திடல் பராமரிப்பவரின் வேலை நுணுக்கமானது. பிட்ச்சர் மேடு 25.4 செ.மீ. உயரம். பிட்ச்சர் கால் பதிக்கும் பலகைக்கு முன்னால் 15 செ.மீ. தள்ளி, ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலமாகச் சரிய வேண்டும். மண்ணைச் சமன்செய்ய இழுக்கும் வலை புல்லின் ஓரத்துக்கு ஒரு சாண் முன்பே நிற்க வேண்டும். புல்வரை இழுத்தால் அங்கே மண் சேர்ந்து வரப்பாகும். தரையோடு வரும் பந்து அதில் பட்டு முகத்துக்குத் துள்ளும். மழைநீர் தேங்கினால் துடைப்பத்தால் தள்ளவே கூடாது. நீரோடு நுண்மண்ணும் போய், அடுத்த மழைக்கு அதே இடம் குட்டையாகும். பஞ்சால் ஒற்றியெடுத்து, சுட்ட களிமண் துகளைத் தூவிக் கிளறுவதே முறை.

கோட்டுயிட் ஊரின் லோவல் பார்க்கில் மின்விளக்கு இல்லை. மாலையில் தொடங்கிய ஆட்டம் இழுத்தால் இருட்டிவிடும், சமனிலேயே நிறுத்த வேண்டிவரும். ஆகவே இந்த லீக்கின் புள்ளிப்பட்டியலில் வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 என்று தனிக் கட்டமே உண்டு.