பொட்டும் திருநீறும்

வானொலி நேயர்களே, வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில் செவ்வாய்க்கிழமை காலைகளில் ஐந்தாறு பேர் போன் பழகக் கூடுகிறோம். எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கொப்பி, நடுவில் ஒரு பிளாஸ்க் தேநீர். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிக் கொடுப்பேன், தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் படிப்பேன்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். படிப்பவரின் போனை யாரும் கையில் வாங்கக் கூடாது. வீட்டில் என்ன நடக்கிறது? "தாங்கோ அம்மம்மா, நான் செய்து தாறன்" என்று பேரப்பிள்ளை வாங்கி, நாலு தட்டுத் தட்டித் திருப்பித் தரும். வேலை முடிந்துவிடும். அம்மம்மாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கியிருக்காது. பிள்ளைகள் அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் விரல் பழகினால்தான் நினைவில் நிற்கும்.

சென்ற வருடம் ஓர் அக்கா வந்தார். 73 வயது. மகள் ரொறன்ரோவில். போன் மணி அடிக்கும், இவரால் எடுக்க முடியாது. பச்சை வட்டத்தை அழுத்து அழுத்தென்று அழுத்துவார், மணி ஓய்ந்துவிடும். அங்கே மகள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் எடுப்பார்.

"இழுங்கோ அக்கா" என்றேன். நகத்தால் இழுத்தார். நகத்துக்குத் திரை அசையாது. நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதை அது பார்ப்பதில்லை. தோல் பட்டதும் திரையில் உள்ள மெல்லிய மின்னேற்றம் மாறுகிறது, அதைத்தான் உணர்கிறது. வயது போகப் போகத் தோல் காய்வதால் சில வேளை நம் விரல் அதற்குப் பிடிபடாது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டால் சரிவரும்.

துடைத்தும் வரவில்லை. அப்போது எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஐயா சொன்னார்: "அக்கா, நீங்கள் பொட்டு வைக்கிறீங்கள். திருநீறு பூசுங்கோ."

அக்கா ஒரு கணம் தன் விரலையே பார்த்தார். நான் குசினிக்குள் போய் அங்கிருந்து அவருக்குப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். ஏழாவது தடவை "ஹலோ" என்ற குரல் விறாந்தையிலிருந்தும் என் போனிலிருந்தும் ஒன்றாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து எங்களுக்குத் தட்டுவது பொட்டு, இழுப்பது திருநீறு. விரலை அப்படியே வைத்திருந்தால் முத்திரை, அது தபால் அதிபர் ஐயாவின் சொல். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கிறிஸ்தவ அம்மாவும் இப்போது இப்படித்தான் சொல்கிறார். போனுக்குப் போன் இழுக்கும் திசை மாறும், அதை மட்டும் கொப்பியில் அம்புக்குறி போட்டு வைக்கிறோம்.

இந்தச் சொல் எந்தப் பேரப்பிள்ளைக்கும் வந்திருக்காது. அதே தடுமாற்றத்தைப் போன மாதம் தானும் பட்டவருக்குத்தான் வரும். ஆகவே திரும்பவும் சொல்கிறேன், போனைக் கையில் வாங்காதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், பொறுத்திருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். தமிழில் பேசிப் போனை எழுத வைப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். விசைப்பலகையில் மொழியைத் தமிழாக்கி, மைக் படத்துக்கு ஒரு பொட்டு வைத்துப் பேசிப் பாருங்கள். அப்புறம், ரொறன்ரோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. போனின் உலகக் கடிகாரத்தில் அந்த ஊரைச் சேர்த்துவிட்டால் நித்திரையில் பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை.

கடைசியாக, முக்கியமானது. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கி என்றாலும், தெரிந்த குரல் என்றாலும் வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். இலங்கையில் இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990, அதை இன்றைக்கே போனில் பதிந்துகொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.