பிபியைக் குறைத்த சலூன் நாற்காலி

முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பிபி 27 புள்ளி இறங்கியது. கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஆய்வு இது. 2018ல் வெளியானது.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வெளியே தெரியாது. உள்ளே இதயத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள்தான் இதற்கு அதிகம் பலியாகிறார்கள். மருத்துவரிடம் அவர்கள் போவதும் குறைவு. அவ்வளவுதான் பின்னணி.

இப்போது சலூனுக்கு வருவோம். இதயநோய் மருத்துவர் ரொனால்ட் விக்டர் யோசித்தார்: ஆஸ்பத்திரிக்கு வராத ஆள் வேறு எங்கே தவறாமல் போகிறார்? ஆய்வில் சேர்ந்தவர்கள் சராசரியாக 2 வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரே கடைக்கு, 10 வருடமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள். சில கல்யாணங்களே அவ்வளவு காலம் தாங்குவதில்லை!

கறுப்பினத்தவர் நடத்தும் 52 சலூன்கள், 319 ஆண்கள். எல்லோருக்கும் பிபியின் மேல் அளவு 140 அல்லது அதற்கும் மேல். கடைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம், முடி வெட்டுபவரே கத்தரிக்கோலும் கையுமாக "பழக்கத்தை மாத்துங்க, டாக்டரைப் பாருங்க" என்று சொல்வார். இன்னொரு பக்கம், மருந்தாளுநர் சலூனுக்கே வந்துவிடுவார். பிபி பார்ப்பார், மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மாத்திரை எழுதுவார், போதவில்லை என்றால் மாற்றுவார். மாத்திரையும் புதுசு இல்லை. அம்லோடிபின் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பழைய சரக்குதான்.

[திரையில்: 9 எதிர் 27]

6 மாதத்தில் அறிவுரைப் பக்கம் 9 புள்ளி குறைந்தது, மருந்தாளுநர் வந்த பக்கம் 27. பிபி 130/80க்குக் கீழே வந்தவர்கள், அங்கே நூற்றுக்கு 12 பேர், இங்கே 64 பேர்.

எனக்கு இதில் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. "சொன்னா கேட்கவே மாட்டாங்க" என்று இத்தனை நாளாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தியம் நாற்காலி வரைக்கும் நடந்து வந்தது.

அப்புறம், அடுத்த 6 மாதம் மருந்தாளுநர் நேரில் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். பிபி திரும்ப ஏறிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? ஏறவில்லை.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. சலூனை விட்டுவிடுங்கள். அந்த மருந்தாளுநர் உங்கள் பகுதியில் எங்கே வந்து உட்கார்ந்தால் ஜனங்கள் சட்டையை மடித்துக் கையை நீட்டுவார்கள்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.