நாற்பது வருடம் கழித்துப் பேசிய பத்தாம் வகுப்பு

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேர் தெரிகிறீர்கள். பொதுத்தேர்வு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் வயதுக்காரர்களைப் பற்றியே பேசிவிடுகிறேன். 1942இல் அமெரிக்காவில் பத்தாம் வகுப்புக்குப் போன, ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் அவர்கள். அந்த வகுப்பில் படிப்பவரை அங்கே ‘சோபமோர்’ என்பார்கள். பாதி அறிவாளி, பாதி அசடு என்று அதற்கு வேடிக்கையாக அர்த்தம் சொல்வதுண்டு. பதினைந்து வயதுக்கு அது பொருத்தம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான், ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரைத் தாக்கியது. அடுத்த பிப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை அப்புறப்படுத்த அது வழிசெய்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்றார்கள்.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்துக் குடும்பங்களை முதலில் டான்ஃபோரான் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். பல குடும்பங்களுக்குக் குதிரை லாயமே வீடு. செப்டம்பரில் ரயிலேற்றி யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் டோபாஸ் என்ற தடுப்பு முகாமில் இறக்கினார்கள். டோபாஸ் என்றால் நம் புஷ்பராகம். பக்கத்தில் இருந்த மலையின் பெயர் அது. அங்கே கண்ணுக்குத் தெரிந்த ரத்தினம் புழுதி ஒன்றுதான்.

தார்க்காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகளில் பள்ளிக்கூடம் நடந்தது. புழுதி இடுக்கு வழியாக வகுப்புக்குள் வந்து உட்காரும். குளிருக்குச் சுவர் தாங்காது. வெளியிலிருந்து வந்த வெள்ளை ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளம். முகாமுக்குள் இருந்தே பாடம் நடத்தியவர்களுக்கோ, ஏன், முகாம் டாக்டருக்குமே, மாதம் 19 டாலருக்கு மேல் கிடையாது. முள்வேலிக்குள் அந்தப் பிள்ளைகள் கொடியைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, “எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும்” என்று முடியும் உறுதிமொழியைச் சொன்னார்கள். ஆசிரியருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். குடியியல் பாடம் எடுக்கிறவர் ஜன்னல் பக்கம் திரும்பினாரா, திரும்பாமலே நடத்தி முடித்தாரா?

சாப்பாடு பொதுக்கூடத்தில். தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் பதின்வயதுப் பிள்ளைகள் சிநேகிதர்களோடு தனி மேசைக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வேறு மேசையில். வீட்டுச் சாப்பாட்டு மேசை போனதோடு அப்பாவின் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போயிற்று என்று பிற்பாடு பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் உறைப்பது இதுதான். வேலி எல்லோர் கண்ணுக்கும் தெரியும், இது தெரியாது.

1943 தொடக்கத்தில் ஒரு கேள்வித்தாள் வந்தது. பதினேழு வயது நிரம்பிய எல்லோரும் பதில் எழுத வேண்டும். 27ஆம் கேள்வி: ராணுவத்தில் சேரச் சம்மதமா? 28ஆம் கேள்வி: அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருந்து, ஜப்பான் சக்கரவர்த்திக்குக் கீழ்ப்படிவதைக் கைவிடுவாயா? ஜப்பானில் பிறந்த பெற்றோருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கவே சட்டம் இடம் தரவில்லை. ‘ஆமாம்’ என்று எழுதினால் எந்த நாடும் இல்லாதவர்களாக நிற்க வேண்டிவரும் என்று பயந்தார்கள். மகனுக்கு வேறு சிக்கல். கைவிடுவேன் என்றால், இதுவரை கீழ்ப்படிந்திருந்தேன் என்று ஆகிவிடுமே! நம் பத்தாம் வகுப்புக்காரருக்குப் பதினைந்து, பதினாறு வயது. அந்தத் தாள் அவர் கைக்கு வராது. அண்ணனும் அப்பாவும் ஒற்றை அறைக்குள் குரல் உயர்த்துவதைக் கேட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியிருப்பார்.

அதே வருடம் ஏப்ரல் 11 அன்று, வேலியருகே நடந்துகொண்டிருந்த ஜேம்ஸ் வகாசா என்ற 63 வயதுப் பெரியவரை, காவல் கோபுரத்துச் சிப்பாய் சுட்டுக் கொன்றான். ராணுவ நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது. பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி வருடக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

சரி, அந்த வருடங்களைப் பற்றி அவர்கள் என்ன எழுதினார்கள்? முகாம் பள்ளிகள் ஆண்டு மலர்கள் போட்டன. புரட்டிப் பாருங்கள்: நடனம், விளையாட்டுக் குழு, மாணவர் மன்றம், வகுப்புக் கேலிகள், சீவி முடித்த தலைகள். இதைக் காட்டி, முகாமில் எல்லோரும் சௌக்கியமாகத்தானே இருந்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு எரிச்சல் வரும். அதிகாரிகள் கண்ணில் படப்போகிற மலரில் பதினாறு வயதுப் பிள்ளை வேறெதை எழுதும்? அது மட்டும் இல்லை. அந்த வயதில் நடனம் என்றால் நடனம்தான். வேலிக்குள் நடந்தாலும் யாரோடு ஆடுவது என்ற கவலை பொய்யாகிவிடாது. இரண்டும் உண்மை.

அப்புறம் அவர்கள் வெளியே வந்தார்கள். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனது. முகாம் பற்றிப் பேச்சே இல்லை. அப்பாவும் அம்மாவும் எப்போதாவது “முகாமில் இருந்தபோது” என்றால், கோடை விடுமுறை முகாம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் பலர்.

1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த முகாம்களைப் பற்றி ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1981இல் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் முதலிய ஊர்களில் அமர்வுகள் நடந்தன. 750க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். இனத் துவேஷம், போர் வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றே காரணம் என்று குழு முடிவு சொன்னது. 1988இல் சட்டம் வந்து, உயிரோடு இருந்தவர்களுக்கு மன்னிப்பும் தலைக்கு 20,000 டாலரும் கிடைத்தன.

பணத்தை விடுங்கள். நான் நினைப்பது அந்த அமர்வுகளை. பத்தாம் வகுப்பில் முகாமுக்குப் போனவர்களுக்கு அப்போது ஐம்பத்துநான்கு, ஐம்பத்தைந்து வயது. எழுதி எடுத்துவந்த தாளைப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார்கள். படிக்க ஆரம்பித்துப் பாதியில் குரல் உடைந்தவர்கள் பலர். பார்வையாளர் இருக்கைகளில் அவர்களுடைய பிள்ளைகள். தங்கள் வீட்டுக் கதையை அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.