உங்கள் நாயின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா?

[காட்சி: ஒருக்களித்துத் தூங்கும் நாய். விலாப்பகுதி மெல்ல ஏறி இறங்குவது அருகில் தெரிகிறது.]

வணக்கம். தூங்கிக்கொண்டிருக்கும் இந்த நாயின் விலாவை மட்டும் சற்று நேரம் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஆழ்ந்து தூங்கும் நாய் பொதுவாக நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள்தான் விடும். பல நாய்கள் அதைவிடக் குறைவாகவே விடும். உங்கள் நாய் எத்தனை மூச்சு விடுகிறது? இதய நோய் முற்றி நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது, மற்ற அறிகுறிகள் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே இந்த எண் ஏறத் தொடங்கிவிடும். நலமாக இருந்த நாட்களில் எண்ணி வைத்தவர்களுக்குத்தான் அந்த ஏற்றம் கண்ணில் படும்.

எந்த உணவு நல்லது, எந்த ஷாம்பூ நல்லது என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. உங்கள் நாய் நலமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, ஈறு என்ன நிறம், மலம் எப்படிப் போகிறது, புதியவர் வந்தால் எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. கால்நடை மருத்துவர் எத்தனையோ நாய்களைப் பார்த்தவர். ஆனால் உங்கள் நாயை நேற்றும் முந்தாநாளும் பார்த்தவர் நீங்கள்தான்.

[காட்சி: நாயின் விலாவை வருடும் கை. பிறகு அதே கையின் முட்டி, புறங்கை, உள்ளங்கை.]

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்கள் கை போதும். முதலில் கையை இறுக்கி மூடி, முட்டிகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விலா எலும்பு அப்படித் துருத்திக்கொண்டு தட்டுப்பட்டால் நாய் மெலிந்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையில் விரலை ஓட்டுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தெரிகிறதே, விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவுங்கள். எலும்பைத் தேடி அழுத்த வேண்டியிருக்கிறது அல்லவா? விலாவும் அப்படி இருந்தால் நாய் பருத்திருக்கிறது.

அடர்ந்த ரோமம் உள்ள நாய்களில் கண்ணை நம்பவே முடியாது. கைதான் உண்மையைச் சொல்லும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேறியிருக்க வேண்டும். மருத்துவர்கள் இதையே 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரை மதிப்பெண்ணாகப் போடுகிறார்கள். 4 அல்லது 5 இருந்தால் பெரும்பாலான நாய்களுக்கு நல்லது.

எடையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் ஆயுள் முழுவதும் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாக இணை சேர்த்து, இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். உணவு ஒன்றே, அளவுதான் வேறு. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டிய வயது, 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள்! எந்த மருந்துக் கடையிலும் அதை வாங்க முடியாது.

உணவுப் பையின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு முன்பைவிடக் குறைந்த உணவே போதும். நாள் முழுவதும் படுத்திருக்கும் நாய்க்கும் அப்படியே. குவளையால் அள்ளிப் போட்டால் அளவு ஒவ்வொரு நாளும் மாறும். எடைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்து அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள். தின்பண்டங்கள் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் நான்கு பேர் இருந்து, ஆளுக்கொரு துண்டு யாருக்கும் தெரியாமல் கொடுத்தால் அந்தக் கணக்கு காலையிலேயே தீர்ந்துவிடும். நாளுக்குரிய தின்பண்டத்தை ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, எல்லோரும் அதிலிருந்து மட்டுமே கொடுப்பது நல்ல வழி.

உணவை மாற்றுவதென்றால் ஏழு முதல் பத்து நாட்களில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். வளர்ந்த நாய்க்கு ஒரே வேளையாகக் கொட்டுவதைவிட இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. கிரேட் டேன் போல மார்புக்கூடு ஆழமாக உள்ள பெரிய இனங்களில் இது மிகவும் முக்கியம். அவற்றின் இரைப்பை காற்றால் உப்பி, தன்னையே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறைபோல உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் நாய் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

[காட்சி: சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரையில்லாச் சூயிங்கம்.]

நமக்கு உணவு, நாய்க்கு நஞ்சு. சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். அது இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். கறுப்பு சாக்லேட்டில் இது அதிகம். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், ஒன்றுகூட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விளைவு சில நாட்கள் கழித்தே தெரியும் என்பதால், குழம்பில் கிடந்த வெங்காயத்துக்கும் நாயின் சோர்வுக்கும் தொடர்பிருப்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் சில பற்பசைகளிலும் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டிதான் இவற்றில் மிக வேகமானது. நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழலாம். நாய் இவற்றில் எதைத் தின்றிருந்தாலும் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பழைய பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்; அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும்.

[காட்சி: அளவுக் கோடு போட்ட குவளையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு.]

தண்ணீர்க் கிண்ணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். வெயிலும் ஓட்டமும் இல்லாத நாளில், ஒரு கிலோ உடல் எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது அதிகம். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, ஹார்மோன் கோளாறு ஆகியவை இப்படித்தான் முதலில் தலைகாட்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் சூட்டுக்காலம் முடிந்து சில வாரங்களில் தண்ணீரை அதிகமாகக் குடித்து, உணவை ஒதுக்கினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அவசர நிலை. அதிகம் குடிக்கிறதே என்று கிண்ணத்தை மட்டும் எடுத்து ஒளித்துவிடாதீர்கள்.

ஈறுகளைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். வெளிறிய ஈறும் நீலம் பாய்ந்த ஈறும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடியவை இல்லை. சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். உதட்டைத் தூக்கியபோதே பல்லையும் பார்த்துவிடுங்கள். வாய் நாற்றம் நாய்க்கு இயல்பு என்று சொல்வது தவறு. பெரும்பாலும் அது ஈறு நோயின் வாடை. நாய்களுக்கான பற்பசையால் தினமும் தேய்த்துவிடுங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி எழுகிறது. குட்டிக்கு ஏன் ஒரே ஊசியை மீண்டும் மீண்டும் போட வேண்டும்? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு, எட்டு வார வயதில் தொடங்கி 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். நடுவில் நிறுத்திவிட்டால், குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸுக்குக் கதவு திறந்தே கிடக்கும். வெறிநோய்த் தடுப்பூசியையும் குடற்புழு நீக்கத்தையும் மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் போட்டுவிடுங்கள். வெளியே போய் வந்ததும் காதுமடல், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

[காட்சி: தலையைத் திருப்பி மூக்கை நக்கும் நாய். அதன் அருகே ஒரு குழந்தையின் கை.]

இனி நடத்தை. இந்தக் காட்சியை மெதுவாக ஓட்டுகிறோம். குழந்தை கட்டிப்பிடிக்க வருகிறது. நாய் முதலில் கொட்டாவி விடுகிறது, தூக்கத்தால் இல்லை. மூக்கை நக்குகிறது. தலையை அந்தப் பக்கம் திருப்புகிறது. கண்ணின் வெள்ளை தெரிகிறது. காதுகள் பின்னால் போகின்றன. உடல் விறைக்கிறது. அதன் பிறகுதான் உறுமல். திடீரென்று கடித்துவிட்டது என்று சொல்லப்படும் பல சம்பவங்களில், நாய் இத்தனை முறை கெஞ்சிப் பார்த்திருக்கும். வால் ஆடிக்கொண்டிருந்ததே என்பார்கள். உயர்த்திய வால் விறைப்பாக, சிறிய வீச்சில் துடித்தால் அது மகிழ்ச்சி இல்லை.

உறுமும் நாயை அடிக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. உறுமல் என்பது, இதற்கு மேல் நெருங்காதே என்ற எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய்க்கு அச்சம் குறைவதில்லை, எச்சரிப்பதை மட்டும் நிறுத்திவிடும். அடுத்த முறை நேராகப் பல்தான். உறுமினால் விலகுங்கள், குழந்தையை விலக்குங்கள், எதற்காக உறுமியது என்று பிறகு யோசியுங்கள். எப்போதும் சாதுவாக இருந்த நாய் தொட்டால் சீறத் தொடங்கினால் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். காதில் சீழ், பல்லில் வலி, மூட்டில் வீக்கம் என்று காரணம் உடம்பிலேயே இருக்கலாம்.

குற்ற உணர்வு முகத்தைப் பற்றியும் ஒன்று. செருப்பைக் கடித்த நாய் தலையைத் தாழ்த்தி, கண்ணைத் தவிர்த்து நிற்கும்; தப்பு செய்தது அதற்கே தெரிகிறது என்று நினைப்போம். நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையில் தப்பு செய்ததா என்பதைப் பொறுத்து அந்த முகம் மாறவில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அது அதிகமாகத் தோன்றியது. ஒரு தப்பும் செய்யாத நாயும் திட்டு வாங்கியதும் அதே முகத்தைக் காட்டியது. ஆகவே, நீங்கள் வீடு திரும்பி, என்றோ கடித்த செருப்பைக் காட்டி அதட்டினால், உங்கள் வருகையே பயத்துக்குரியது என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். மெல்லுவதற்கு அதற்கென ஒன்றைக் கொடுங்கள். நடைக்கு அழைத்துச் செல்லும்போது மோந்து பார்க்க விடுங்கள். கயிற்றை இழுத்துக்கொண்டே போகும் ஒரு மணி நேரத்தைவிட, நின்று நிதானமாக மோந்து நடக்கும் அரை மணி நேரம் பல நாய்களை நன்றாக அமைதிப்படுத்தும்.

[காட்சி: கைபேசியில் நாயின் நடையைப் படம் பிடிக்கும் ஒருவர்.]

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வேலைகள். வீட்டில் நொண்டும் நாய் மருத்துவமனை வாசலில் பரபரப்பில் நன்றாகவே நடக்கும்; இருமலும் நின்றுவிடும். அதனால் வீட்டிலேயே கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, தூங்கும்போது மூச்சு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு, நாம் போடும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். முன்னது கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். பின்னது இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.