மாமாவோட சி70யும் மோல்மீன் மழையும்

வணக்கம் மக்களே, சாப்பிட்டாச்சா? பின்னாடி கேக்குற டபடப சத்தம் நம்ம வண்டி இல்ல, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர், கரண்ட் போயி ரெண்டு மணி நேரமாச்சு, அதனால இன்னிக்கு லைட்டிங் கொஞ்சம் மங்கலா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன வீடியோல நெறைய பேரு கேட்டீங்க, இந்த ஹோண்டா சி70 எங்க புடிச்சேன்னு. இது எங்க மாமாவோட வண்டி. 84ல செகண்ட் ஹேண்டா வாங்கினது, ரங்கூன்ல தான் ஓட்டிட்டு இருந்தாரு. 2003ல ரங்கூன் டவுனுக்குள்ள மோட்டார் பைக் ஓட்டக்கூடாதுன்னு தடை வந்துச்சுல்ல, அன்னிக்கு மாடிப்படிக்கு கீழ தள்ளினவரு தான், விக்கவும் மனசில்ல, ஓட்டவும் வழியில்ல, இருபது வருசத்துக்கு மேல அரிசி மூட்டையோட மூட்டையா கெடந்துச்சு. போன வருசம் பர்மாவுலயே நாங்க இருக்குற மோல்மீனுக்கு வர்ற லாரில ஏத்தி விட்டுட்டு, "மோல்மீன்லயாவது ஓடட்டும்டா"ன்னாரு, அவ்ளோ தான். நம்மாளுங்க சூப்பர் கப்புன்னு சொல்றோம், பர்மாக்காரங்களுக்கு எந்த மோட்டார் பைக்கா இருந்தாலும் சைங்கே தான், நம்ம சைக்கிள் தான் அவங்க வாய்ல அப்படி ஆயிடுச்சு.

வந்து எறங்கினப்ப கிக்கர் கல்லு மாதிரி நிக்குது, ஏறி நின்னாலும் அசையல. சிலிண்டருக்குள்ள மேலயும் கீழயும் போற பிஸ்டன் ஜாம். இங்க தான் நம்ம பசங்க அவசரப்பட்டு ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோட சேந்து சுத்துற சக்கரம், அதோட நட்டுல பெரிய ஸ்பேனர போட்டு எகிறுவாங்க, செய்யாதீங்க. ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு அந்த ஓட்டைல டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்கு பாதி கலந்து ஊத்தினேன், ஒரு துணிய வச்சு அடைச்சேன், தெனமும் காலைல டீ குடிச்சிட்டு வந்து ஃப்ளைவீல இப்படி ஒரு முடி, அப்படி ஒரு முடி ஆட்டி பாப்பேன். ஆறாவது நாளு 'க்ளக்'னு ஒரு சத்தம், விட்டுச்சு! சிலிண்டர கழட்டி பாத்தா உள்ள சுத்துவட்டமா துரு தின்னிருக்கு, விரல விட்டா நகம் மாட்டுது. லேத்துல குடுத்து போர் பண்ணி, அதாவது உள்ள கடைஞ்சு பெருசாக்கி, 47 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு பதிலா அரை மில்லி ஓவர்சைஸ், 47.5 போட்டேன். வண்டி 72 சிசி, அரை மில்லில என்னா வந்துடப் போவுது, ராக்கெட்டா ஆயிடும்?

இப்ப நான் பண்ண கூத்த சொல்றேன், சிரிக்காதீங்க. சிலிண்டர மூடுற ஹெட்ட புடிக்கிறது நாலு ஸ்டட்டு, அதாவது நீள போல்ட்டு. பாக்க நாலும் ஒண்ணு மாதிரி தான் இருக்கும், ஆனா அதுல ஒண்ண ஒட்டி தான் ஆயில் மேல ஏறுது, வால்வ தெறந்து மூடுற கேம் ஷாஃப்டுக்கு. அந்த ஒண்ணுக்கு மட்டும் செம்பு வாஷர், மத்த மூணுக்கும் இரும்பு. கழட்டும்போது நாலையும் ஒரே டப்பால போட்டுட்டேன், மாட்டும்போது கைக்கு வந்தத மாட்டினேன். மூணே நாள், ஹெட்டுலருந்து ஆயில் வியர்க்குது, ஃபின்னெல்லாம் கருப்பு. ஆயில் கசியாம அடைக்கிற பேக்கிங் தான் மட்டம்னு கடைக்காரர நல்லா திட்டி வேற வச்சிட்டேன், அப்புறம் பாத்தா தப்பு என் மேல. அதுலருந்து கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம், கழட்டின பொருள அட்டைல எழுதி அதே எடத்துல குத்தி வச்சிடுறேன்.

அடுத்தது, ஸ்டார்ட் ஆவுது, நல்லா ஓடுது, பத்து நிமிசம் சூடானதும் 'பொக் பொக்'னு ரெண்டு இருமல், ஆஃப். ஆற விட்டா மறுபடி ஸ்டார்ட். பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டர நாலு தடவ கழுவிட்டேன், ஜெட்டெல்லாம் கழுவி கழுவி எனக்கு கை வெளுத்துப்போச்சு. ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லாத நேரம், எஞ்சின் ஓடிட்டு இருக்கு, ஃப்ளைவீல்ல ஒரு ஜன்னல் இருக்கும் பாருங்க, அது வழியா பாத்தா பிளக்குக்கு பொறிய நேரத்துக்கு அனுப்புற சுவிட்ச், பாயிண்ட்னு சொல்வோம், அதுல நீலமா பளிச் பளிச்சுன்னு பொறி பறக்குது. அவ்ளோ பொறி பாயிண்ட்டுல வரக்கூடாது, பிளக்குல தான் வரணும். பாயிண்ட்டுல பொறி பறக்காம தடுக்குற கண்டன்சர் போயிடுச்சு! புல்லர் போட்டு ஃப்ளைவீல எடுத்து, கண்டன்சரும் பாயிண்ட்டும் புதுசு போட்டேன். லைட்டு இருந்திருந்தா அந்த பொறி கண்ணுலயே பட்டிருக்காது, கரண்ட் போனதுக்கு வாழ்க்கைல மொத தடவயா சந்தோசப்பட்டேன்.

டைமிங், அதாவது பொறி எப்ப வரணும்ங்கறது, அத வைக்க மிஷின்லாம் நம்மகிட்ட கெடையாது. சிகரெட் சுத்துற மெல்லிசு பேப்பர் ஒண்ண கிழிச்சு பாயிண்ட் ரெண்டுக்கும் நடுவுல வச்சுக்கோங்க, லேசா இழுத்து புடிச்சுக்கிட்டே ஃப்ளைவீல மெதுவா இடது பக்கமா, கடிகார முள்ளுக்கு எதிரா சுத்துங்க. பாயிண்ட் தெறக்குற அந்த நிமிசம் பேப்பர் வழுக்கிட்டு வந்துடும். அப்ப ஃப்ளைவீல்ல இருக்குற எஃப்னு எழுதின கோடு எஞ்சின்ல இருக்குற கோட்டுக்கு நேரா இருக்கணும், இல்லன்னா பாயிண்ட்ட கொஞ்சம் நகத்தி மறுபடி. முழுசா தெறந்தா 0.3லருந்து 0.4 மில்லி கேப். டேப்பட், அதாவது வால்வுக்கு மேல விடுற கேப், 0.05 மில்லி, எஞ்சின் நல்லா ஆறி இருக்கும்போது மட்டும் வைங்க, சூட்டுல வச்சீங்கன்னா கணக்கு தப்பிடும்.

பெயிண்ட் கதை சின்னது. ஒரே ஒரு நாளு அவசரப்பட்டு ஈரக்காத்துல அடிச்சேன், காஞ்சதும் பச்சை கலரு மேல மோர் ஊத்தின மாதிரி வெளுத்துப்போச்சு. தேச்சு எடுத்துட்டு வெயிலுக்கு காத்திருந்து மறுபடி அடிச்சேன். முடிஞ்சுது.

சரி, மாடிஃபிகேஷனுக்கு வருவோம், நீங்க அதுக்கு தான் வந்திருப்பீங்க. என் ஆசை என்னன்னா வண்டிய மொட்டையா, எஞ்சின் நல்லா தெரியுற மாதிரி நிறுத்தணும். ஹேண்டில் பார மாத்தலாம்னு பாத்தா இதுல ஹேண்டிலும் ஹெட்லைட் கூடும் சேந்தே தகடுல அடிச்சு வந்திருக்கு, அத வெட்டினா திரும்பி வராது, அதனால விட்டுட்டேன். பின்னாடி கேரியர எடுத்துட்டு, குஷன் கடைல ஒத்த சீட்டு ஒண்ணு தட்டையா தச்சு வாங்கினேன். அப்புறம் முன்னாடி கால மறைக்கிற பிளாஸ்டிக் லெக் ஷீல்டு, அத கழட்டினேன், அடடா! எஞ்சினும் கார்ப்பரேட்டரும் வெளிய தெரிய, வண்டி நூறு கிலோ எடை குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பர்மா புத்தாண்டு தண்ணி திருவிழா அப்ப ரோட்டுல போனா எல்லாரும் திரும்பி பாக்குறாங்க, பக்கெட்டு தண்ணிய எனக்கு ஊத்துறத விட்டுட்டு வண்டிக்கு ஊத்துறாங்க. அப்பயே உஷாராயிருக்கணும்.

ஜூன் வந்துச்சு. மோல்மீன் மழைய பத்தி இங்க இருக்குறவங்களுக்கு நான் சொல்ல வேணாம், வெளியூர்ல இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இங்க கொடை புடிக்கிறது ஒரு மரியாதைக்கு தான். மொத மழைல ஆத்தங்கரை ரோட்டுல போறேன், முன் சக்கரம் அள்ளி வீசுற தண்ணியும் சேறும் நேரா பிளக் மேல, கார்ப்பரேட்டர் மேல, வண்டி நின்னுடுச்சு. தள்ளிட்டு வந்து தொடச்சு, மறுநாளு மறுபடி நின்னுச்சு. மூணாவது தடவ நடு முழங்கால் தண்ணில நின்னப்ப, அந்த பிளாஸ்டிக்க அழகுக்கு வைக்கலன்னு மண்டைல ஏறுச்சு.

லெக் ஷீல்ட பரண்லருந்து எடுத்து மாட்டினேன். மாட்டும்போது தான் கவனிச்சேன், இடது பக்கம் கீழ் போல்ட் மட்டும் வேற சைசு, தலை பெருசா, தகரத்துல வெட்டின வாஷரோட. கழட்டுறப்ப ஏதோ பழைய மெக்கானிக் வேலைன்னு நெனச்சு தூக்கி டப்பால போட்டது. ராத்திரி மாமாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டினேன், "மாமா, லெக் ஷீல்ட மறுபடி மாட்டிட்டேன், இந்த போல்ட்ட யாரு போட்டது?"ன்னு.

அவரு மூக்கு கண்ணாடிய தூக்கி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "நான் தான்டா போட்டேன். வாங்கின வருசம் ஸ்டைலா இருக்கட்டும்னு கழட்டி வீசினேன், ஒரிஜினல் போல்ட் தொலைஞ்சு போச்சு. ஆடி மாசம் மாட்டிட்டேன்"ன்னாரு. "நீ எந்த மாசம் மாட்டின?"

ஆனின்னேன். அதுக்கப்புறம் அவரு சிரிச்ச சிரிப்புல அத்தை எந்திரிச்சு வந்துட்டாங்க. சரி மக்களே, கரண்ட் வந்துடுச்சு, நான் போயி கம்ப்ரஸர் போடுறேன், மறுபடி போறதுக்குள்ள.