எல்லாப் பிள்ளைகளுக்குமான நடனம்

(டெக்சாஸில் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு, ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்கள், கல்லூரி விண்ணப்பம் பற்றியெல்லாம் நம் கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. நான் இன்று உயர்நிலைப் பள்ளியின் மூன்று கொண்டாட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: ஆட்டத்துக்கு முன் பள்ளியே கூடி உற்சாகமூட்டும் பெப் ராலி, பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங், பள்ளிப் படிப்பு முடியும் காலத்தில் நடக்கும் நடன விருந்தான ப்ராம். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததுமே இந்த மூன்று பெயர்களும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. "படிக்கப் போற இடத்துல ஆட்டம் பாட்டம் எதுக்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பெப் ராலியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க ஃபுட்பால் சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு பாடவேளையிலும் சில நிமிடங்களைக் குறைத்து, மிச்சம் பிடித்த நேரத்தில் பள்ளி முழுவதையும் ஜிம் என்ற உள்விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்து வருகிறார்கள். முரசு அணியான டிரம்லைன் முழங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பின்னாலேயே உற்சாகக் குரல் எழுப்பும் சியர்லீடர்கள், நடன அணியான டிரில் டீம், ஜெர்சி போட்ட ஆட்டக்காரர்கள். பிளீச்சர் என்ற படிவரிசை இருக்கைகளில் வகுப்புவாரியாக உட்கார வேண்டும். கீழ்ப்படிகள் கடைசி வருட சீனியர்களுக்கு, உச்சிப்படிகள் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஃப்ரெஷ்மேன்களுக்கு. யார் அதிகச் சத்தம் போடுகிறார்கள் என்று வகுப்புக்கு வகுப்பு போட்டி. கடைசியில் பேண்ட் பள்ளியின் உற்சாகப் பாட்டான ஃபைட் சாங்கை வாசிக்க, எல்லோரும் எழுந்து பாடுகிறார்கள். ஆகஸ்டில் வந்த ஃப்ரெஷ்மேனுக்கு வரிகள் தெரியாது. சீனியர்களின் வாயைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைப்பான். அக்டோபரில் பாருங்கள், அவன்தான் உரக்கப் பாடிக்கொண்டிருப்பான். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளியில், பெயர் தெரியாத ஒருவனுக்கு "இது என் பள்ளி" என்ற எண்ணம் வருவது இப்படித்தான். கணக்கு வகுப்பில் அது வராது.

"படிப்பு போய்விடுமே" என்ற கவலைக்கும் ஒரு பதில் உண்டு. இந்த மாநிலத்தில் 1984-இலிருந்து 'நோ பாஸ், நோ ப்ளே' சட்டம் இருக்கிறது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஃபுட்பால் வீரனும் களமிறங்க முடியாது, பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் பெண்ணும் போட்டிக்குப் போக முடியாது. மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டிய பிறகுதான் திரும்ப முடியும். ஃபுட்பாலைச் சாமியாகக் கும்பிடும் மாநிலம் இப்படி ஒரு சட்டம் போட்டதே பெரிய காரியம் என்பேன்.

அடுத்தது ஹோம்கமிங். படித்து முடித்துப் போனவர்களைத் திரும்ப அழைத்து, ஓர் ஆட்டத்தை ஒட்டிக் கொண்டாடும் வழக்கம் இது. எங்கே தொடங்கியது என்பதில் கல்லூரிகளுக்குள் இன்னும் போட்டி உண்டு. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகம் 1909-இலேயே செய்ததாகச் சொல்கிறது. 1911-இல் கான்சஸுடன் ஆடிய ஆட்டத்துக்குப் பழைய மாணவர்களை வரவழைத்த மிசூரி பல்கலைக்கழகமும் உரிமை கொண்டாடுகிறது. பிறகு உயர்நிலைப் பள்ளிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. பம்பாய்க்கும் துபாய்க்கும் பிழைக்கப் போனவர்கள் கோயில் கொடைக்கு ஊர் திரும்புவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

டெக்சாஸில் இதோடு 'மம்' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் பையன் பெண்ணுக்குக் கொடுத்த உண்மையான செவ்வந்திப் பூ. இன்று துணிப் பூ, பள்ளியின் நிறத்தில் தரையைத் தொடும் ரிப்பன்கள், சின்ன மணிகள், நடுவில் ஒரு கரடிப் பொம்மை. சட்டையில் குத்தினால் தாங்காது என்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பையன்கள் அதே வகையில் சிறியதாக ஒன்றைக் கையில் கட்டிக்கொள்கிறார்கள். அன்று பள்ளி நடைக்கூடம் முழுக்க மணிச்சத்தம். கடையில் வாங்கினால் பணம் நூறு நூறாகக் கரையும். வீட்டிலேயே செய்யுங்கள். குஞ்சலம் வைத்துச் சடை பின்னிய கைகளுக்கு அந்த ரிப்பன் பின்னல் ஒரு வேலையே இல்லை. மகளோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீங்கள் பின்னும்போது, யாரோடு போகிறாள், எத்தனை மணிக்கு வருவாள் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

இனி ப்ராம். இதைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

ப்ராமை வெறும் கேளிக்கை என்று நினைப்பவர்கள் தெற்கு மாநிலங்களின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளிகள் சட்டத்துக்கு எதிரானவை என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெற்கில் பல ஊர்கள் 1970-ஐ ஒட்டித்தான் வேறு வழியில்லாமல் அதற்குப் பணிந்தன. வகுப்பறையில் சேர்ந்து உட்கார வைத்துவிட்டார்கள். சேர்ந்து ஆட மட்டும் விடவில்லை. பல பள்ளிகள் ப்ராம் நடத்துவதையே நிறுத்திக்கொண்டன. பெற்றோர் தனியார் விருந்தாக வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று நடத்தினார்கள். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில், எல்லோருக்கும் ஒரே ப்ராம் என்றால் செலவு முழுவதும் என்னுடையது என்று நடிகர் மார்கன் ஃப்ரீமன் 1997-இல் சொன்னார். பள்ளி அதை ஏற்றுக்கொண்டது 2008-இல். அந்த வருடமும் வெள்ளைப் பெற்றோர் சிலர் தனியாக ஒன்று நடத்தினார்கள்.

ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 2013 வரைக்கும் இதே நிலைமைதான். சிறு வயதிலிருந்தே தோழிகளான நான்கு பெண்கள், இரண்டு பேர் கறுப்பு, இரண்டு பேர் வெள்ளை. பாடம் சேர்ந்து படித்தவர்கள், கடைசி வருட நடனத்துக்கு மட்டும் எப்படிப் பிரிந்து போவது என்று கேட்டார்கள். பள்ளி நடத்தவில்லை என்றால் நாங்களே நடத்துகிறோம் என்று கிளம்பினார்கள். ஃபேஸ்புக்கில் செய்தி போட, நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்தது. அந்த ஏப்ரலில் எல்லோரும் ஒரே கூடத்தில் ஆடினார்கள். அடுத்த வருடம் பள்ளியே ப்ராமை எடுத்து நடத்தியது. நாற்பது வருடமாகப் பெரியவர்கள் தொடத் தயங்கியதைப் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள் முடித்துக் காட்டினார்கள். எனக்கு அந்தப் பெண்களிடம் அளவில்லாத மரியாதை.

2010-இல் மிசிசிப்பியின் இடவாம்பா கவுண்டியில் ஒரு மாணவி, ஆண்கள் விருந்துக்குப் போடும் டக்சீடோ உடையை அணிந்து தன் காதலியோடு ப்ராமுக்கு வர அனுமதி கேட்டாள். அவளை விடுவதற்குப் பதில் ப்ராமையே ரத்து செய்தது கல்வி வாரியம். அவளுடைய உரிமை மீறப்பட்டது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. வாரியம் பின்னர் 35,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு மாலை நேர நடனத்துக்காக நீதிமன்றம் வரை போக வேண்டுமா என்று கேட்கலாம். வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அது ஒரு மாலை நேரத்தோடு முடிகிற விஷயமில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நம் பிள்ளைகளை இன்று எந்தப் பள்ளியும் வாசலில் நிறுத்தவில்லை. நிறுத்துவது நாம்தான். பையனை அனுப்பிவிட்டுப் பெண்ணை மட்டும் தடுக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அது எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. ஜோடியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இன்று கிடையாது. தோழிகள் கூட்டமாகச் சேர்ந்தே போகிறார்கள். போக விருப்பமில்லாத கூச்சக்காரப் பிள்ளையை விட்டுவிடுங்கள். பெப் ராலியின் இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு நூலகத்தில் உட்கார அனுமதி கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

குடி, கார் பற்றிய பயம் நியாயமானது. மெய்ன் மாநிலத்தில் பட்டமளிப்புக் காலத்தில் பிள்ளைகள் விபத்துகளில் இறந்ததைப் பார்த்த பெற்றோரும் ஆசிரியரும், 1980-இல் 'ப்ராஜெக்ட் கிராஜுவேஷன்' என்று மது இல்லாத இரவு விருந்து ஒன்றைத் தொடங்கினார்கள். விடியும் வரை விளையாட்டு, சாப்பாடு, பரிசுகள், பெரியவர்களின் கண் பார்வை. அது நாடு முழுக்கப் பரவியது. உங்கள் பள்ளியில் ப்ராம் முடிந்ததும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். இட்லி, சாம்பார் வேண்டுமானால் நாம் கொண்டு போவோம், விடியற்காலை நாலு மணிக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

நடனத்தன்று மேற்பார்வைக்கு நிற்கும் பெரியவர்கள், அதாவது ஷாப்பரோன்கள், எப்போதும் போதாமல்தான் இருக்கிறார்கள். நம்மவர்களை அங்கே பார்ப்பதே அரிது. அதற்குப் பெயர் கொடுக்க முதலில் மாவட்டக் கல்வி வாரியத்தின் தன்னார்வலர் படிவத்தை நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஹோம்கமிங் வாரத்தில் போய் நின்றால் முடியாது. பள்ளி திறந்த கையோடு ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள். கணினியில் எப்படி நிரப்புவது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், இங்கேயே சேர்ந்து உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.

நன்றி, வணக்கம்.