புல்லுருவி இல்ல, வாண்டா

திருநெல்வேலி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பாட்டனி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், ஆனா இன்னைக்குப் பாடம் நடத்தப் போறதில்ல, சின்னப் பையனா இருக்கையில செஞ்ச ஒரு தப்பச் சொல்லுதேன்.

எங்க ஆச்சி வீட்டுப் புறவாசல்ல ஒரு மாமரம். அதுல ஒரு கொப்புல புல்லுருவி, இன்னொரு கொப்புல சாண் நீளத்துக்குப் பட்டை பட்டையா எல விட்டு, நுனிய எலி கொறிச்ச மாதிரி ஒரு செடி. தாத்தா கீழ நின்னு "ரெண்டும் மரத்த உறிஞ்சுதுலே, அறுத்துப் போடு"ன்னாக, நானும் அரிவாளோட ஏறி ரெண்டையும் பேத்து எறிஞ்சிட்டேன். புல்லுருவிய அறுத்தது சரிதான், அது கொப்புக்குள்ளயே வேர எறக்கி மரத்தோட தண்ணிய எடுத்துக்கிடும். இன்னொண்ணு வாண்டா டெஸ்ஸெலேட்டா, ஆர்க்கிட். அது பட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கி, அவ்வளவுதான். பஸ்ல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன் கம்பியவா திங்கான்?

அப்போ எதக் குடிச்சு வாழுது? மழை, பனி, பட்டையில வழியுற தண்ணி. வேரப் பாத்தியன்னா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கும், மேல இருக்கது பூராவும் செத்துப்போன செல்லு, பஞ்சு மாதிரி. ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு அங்கனயே நின்னு பாருங்க, வெள்ளை வேரு கண்ணு முன்னாலயே பச்சையா மாறும், பஞ்சு தண்ணியக் குடிச்சதும் உள்ள இருக்க பச்சையம் தெரிய ஆரம்பிச்சிரும். நம்ம ஊரு வெயிலுக்கு இது போதாதுல்லா, அதனால சப்பாத்திக்கள்ளி செய்யுத வேலைய இதுவும் செய்யுது, பகல்ல எலையில இருக்க துளைய மூடிக்கிட்டு ராத்திரி தெறந்து காத்த வாங்கி அமிலமா சேத்து வச்சிக்கிடும்.

ஆர்க்கிட்னாலே பொதிகை மலைக்கு மேல போகணும்னு நெனைக்கிறவுக உண்டு. அங்கயும் இருக்கு, அகத்தியமலைப் பக்கத்த விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் இல்லாத மஞ்சப் பூ ஆர்க்கிட் ஒண்ணு, செருப்பு மாதிரி இருக்கும், ஆசைப்பட்டுப் புடுங்கியே அத அழிவு வெளிம்புக்குக் கொண்டு வந்துட்டாங்க. ஆனா வாண்டா கீழ நம்ம மாமரத்துலயே பூக்கும். மஞ்சளும் பச்சையுமான இதழ்ல பழுப்புக் கோடு கட்டம் கட்டமா ஓடும், நடுவுல உதடு ஊதா. நடுவுல இருக்க சின்ன மூடிய ஈர்க்குச்சியால நெம்புங்க, மகரந்தம் தூளா வராது, ரெண்டு மஞ்ச உருண்டையா குச்சியில ஒட்டிக்கிட்டு வரும், வண்டு தலையிலயும் அப்படித்தான் ஒட்டிக்கிட்டுப் போவும்.

காய் வெடிச்சா வெதை மாவு மாதிரி பறக்கும். ஒவ்வொரு காய்லயும் ஆயிரக்கணக்குல இருக்கும், ஆனா எந்த வெதைக்குள்ளயும் கட்டுச்சோறு கெடையாது. விழுந்த எடத்துல அதுக்குத் தோதான பூஞ்சை இருந்தாத்தான் மொளைக்கும், பச்சை பிடிக்கிற வரைக்கும் அந்தப் பூஞ்சைதான் சோறு. உறிஞ்சுதுன்னு சொல்லணும்னா அந்தப் பூஞ்சையத்தான் உறிஞ்சுது, மரத்த இல்ல!

வில்லியம் ராக்ஸ்பர்க்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளர் 1795ல இதுக்கு டெஸ்ஸெலேட்டான்னு பேரு வச்சாரு, கட்டம் கட்டமா இருக்கதுன்னு அர்த்தம். 1820ல ராபர்ட் பிரவுன்னு இன்னொரு தாவர ஆராய்ச்சியாளர் இதோட பேரினத்துக்கு வாண்டாங்கிற பேர வச்சாரு, அது சமஸ்கிருதச் சொல்லு, அங்க அதுக்கு அர்த்தமே ஒட்டுண்ணிச் செடிதான். பாத்தியளா, எங்க தாத்தாவ மட்டும் குத்தம் சொல்லி என்னத்துக்கு.

போன வருசம் ரோட்ட அகலப்படுத்தயில சாய்ச்சுப் போட்ட ஒரு மாமரத்துல இது உயிரோட கெடந்துச்சு. எடுத்தாந்து தேங்காக் கதம்பையில வச்சு, வீட்டு வாசல் வேம்புல சணல் கயித்தால கட்டுனேன். பழைய வேரு ரெண்டு மூணு காஞ்சு போச்சு. நேத்துக் காலையில பாக்கேன், புது வேரு ஒண்ணு பச்சை நுனியோட கதம்பையத் தாண்டி வந்து வேப்பம்பட்டையில ஒட்டியிருக்கு.